மொண்ணைப் பல் பியூக்

கஜபதியைப் பற்றிக் கள்ளிக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். சினிமாவில் கார் பார்க்கிறவன் என்பது முதலாவது. கூடப்பிறந்தவள் குடும்பத்தைக் கவிழ்த்தவன் என்பது இரண்டாவது. இரண்டும் உண்மைதான். முதலாவது எப்படி இரண்டாவதில் போய் முடிந்தது என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. பதினேழு வருஷம் அவனோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவன், அந்த நாளில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன், லட்சுமணன் நான் சொல்கிறேன்.

அவன் டிங்கர், நான் பெயின்டர். அடிபட்டு வருகிற வண்டியின் தகரத்தை அவன் தட்டி நிமிர்த்துவான். அதன்மேல் நான் பட்டி பூசித் தேய்த்து வண்ணம் அடிப்பேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் பால்ராஜ் மேஸ்திரியின் ஷெட். கஜபதி சுத்தி பிடிப்பதில் பெரிய சூரன் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காக வேலை செய்வான், அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு ஒரு கண் இருந்தது. காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடக்கிற பாதி மட்கார்டைக் காட்டினால், இன்ன வண்டி, இன்ன வருஷம், வலது பக்கத்துது என்று சொல்லிவிடுவான்.

படிப்பு ஆறாவதோடு சரி. அவன் பள்ளிக்கூடம் டூரிங் கொட்டகைதான். மணலில் முன் வரிசையில் உட்கார்ந்து, ஒரே படத்தை ஒன்பது தடவை, பத்துத் தடவை பார்த்திருக்கிறான். கதைக்காக இல்லை. கதாநாயகன் பாடிக்கொண்டே நடக்கிறபோது பின்னால் ரோட்டில் போகிற காருக்காக. இங்கிலீஷ் எழுத்தைக்கூட அவன் கார் மூக்கில் ஒட்டியிருக்கிற பேரையும் நம்பர் பிளேட்டையும் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற காலத்திலிருந்தே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நம்பர் பிளேட்டைக் கண்டால் வாய்விட்டுப் படித்துவிடுவான். பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் சரி, சாவு ஊர்வலத்தில் நடந்தாலும் சரி, உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

எண்பத்து நாலில் எங்கள் தெருவுக்கு டிவி வந்தது. தெருவுக்கு என்றால் கெங்கம்மாள் வீட்டுக்கு. அவள் மகனுக்கு ஆவடியில் டாங்க் ஃபாக்டரி வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் முப்பது பேர் அந்த வீட்டுக்குள் அடைந்து கிடப்போம். கறுப்பு வெள்ளைப் படமாக இருக்கும். கதாநாயகி கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போவாள். பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கஜபதி குரல் கொடுப்பான்.

“அதோ, அவளுக்குப் பின்னால போவுது பாரு. ஹில்மன் மிங்க்ஸ். அம்பத்தொண்ணு மாடலு. எம்.எஸ்.சி. ஆறு, எட்டு... ச்சே, மரம் மறைச்சிக்கிச்சி.”

“டேய் கஜபதி, அந்தப் பொண்ணு சாவப் போவுது. உனுக்கு இப்ப காரு தான் கேக்குதா?” என்று கெங்கம்மாள் கத்துவாள்.

“அவ சாவ மாட்டாக்கா. அதே வண்டி டாக்டர் ஊட்டு வாசல்ல நிக்கும் பாரு.”

நிற்கும். கதாநாயகி பிழைத்துக்கொள்வாள். சினிமாக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு வருகிற வண்டிகள் அந்தக் காலத்தில் ஒரு முப்பது நாற்பதுதான் இருக்கும் என்பான் கஜபதி. ஒரே கார் ஒரு படத்தில் வில்லனைச் சுமக்கும், இன்னொரு படத்தில் பெண்ணைப் பெற்ற பணக்கார அப்பனைச் சுமக்கும். கதாநாயகன் பிளிமவுத்தில் ஏறி டாட்ஜிலிருந்து இறங்குவான். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னால் யாருக்கு என்ன லாபம்? “இத்த வெச்சி ஒரு உப்பு பாக்கெட் வாங்க முடியுமா?” என்று அவன் பெண்டாட்டி ஜெகதாம்பாள் கேட்பாள். ஷெட்டில் நாங்களும் கிண்டல் அடித்தோம். ‘கார் ஜோசியர்’ என்று பேர் வைத்ததே நான்தான். அவனும் சிரிப்பான். ஆனால் ஒருத்தன் ஒன்றைக் கரைத்துக் குடித்து வைத்திருந்து, அதைக் காது கொடுத்துக் கேட்க ஊரில் ஒரு ஆள்கூட இல்லையென்றால் அது உள்ளே என்ன செய்யும் என்று அப்போது எனக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வாயைப் பொத்தியிருப்பேன்.

இப்போது பத்மா. கஜபதியின் ஒரே தங்கச்சி. அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் கோவிந்தராஜ் எஸ்டேட்டில் ஒரு வார்ப்பட ஃபாக்டரியில் உலையடி வேலை. தங்கமான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். வீடு என்னவோ இரண்டு அறை வீடுதான், ஆனால் ஐப்பசி பிறந்தால் ஏரித் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வந்து பின்பக்கமாகப் போகும். பாம்பும் கூடவே வரும். சின்னவள் மூன்று வயசில் தண்ணீருக்குள் தவறி விழுந்து, பத்மா தேடி எடுப்பதற்குள் உயிர் போய்த் திரும்பியது. அன்றிலிருந்து பத்மாவுக்கு ஒரே நினைப்புதான். மேட்டில், கள்ளிக்குப்பத்துப் பக்கம், அரை கிரவுண்டு இடம் வாங்கி, நாலு சுவர் எழுப்பிக்கொண்டு ஏறிவிட வேண்டும். உலையில் நிற்கிறவன் சம்பளத்தில் அது நடக்கிற காரியமில்லை.

ஆனால் அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கார் இருந்தது.

கோவிந்தராஜின் அப்பா உலகநாதன் டிரைவர். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு வண்டி வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் இருபது வருஷம் ஓட்டியவர். கம்பெனி நொடித்து முதலாளி மூட்டை கட்டியபோது, “உலகநாதா, இந்த பியூக் உனக்குத்தான், எடுத்துக்கினு போ” என்று சாவியைக் கையில் வைத்தாராம். வாய்ப் பேச்சுதான். காகிதம் எதுவும் கைமாறவில்லை. கொஞ்ச நாள் கல்யாண ஊர்வலத்துக்கு ஓடியது. அப்புறம் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உலகநாதன் செத்துப்போனார். நம்பர் பிளேட்டை யாரோ பிடுங்கி வெந்நீர் அடுப்புக்கு மறைப்பாக வைத்து, அதுவும் துருப்பிடித்து உதிர்ந்தது. பழைய நம்பர் கோவிந்தராஜுக்கே ஞாபகம் இல்லை. பின் சீட்டில் கோழி அடைகாத்தது.

நாற்பத்தேழாம் வருஷத்து பியூக் அது. முகப்பில் நெட்டுக்குத்தாகப் பளபளவென்று கம்பிகள், சிரிக்கிறபோது தெரிகிற பல் வரிசை மாதிரி. இடது பக்கத்திலிருந்து மூன்றாவது பல் பாதியில் முறிந்து மொண்ணையாக இருக்கும். தங்கச்சி கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போன அன்றே கஜபதி அந்த மொண்ணையைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த வண்டியைத் தான் ஒரு துப்பறியும் படத்தில் பார்த்திருப்பதாகச் சொன்னான். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “எங்க கோழிக்கூடு சினிமால வேற நடிச்சிதா மச்சான்?” என்று கோவிந்தராஜ்கூட கேட்டுவிட்டான். கஜபதிக்கு அது ஆறவே இல்லை. அந்தப் படமும் அதற்கப்புறம் அவன் கண்ணில் படவே இல்லை.

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் பணக்காரர்களுக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. பழைய கார்களைத் தேடி வாங்கி, பளபளப்பாக்கி, பீச் ரோட்டில் வரிசையாக ஓட்டிக் காட்டினார்கள். பூந்தமல்லி புரோக்கர் தங்கவேல் சைக்கிளை மிதித்துக்கொண்டு கொல்லை கொல்லையாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். பியூக்கைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. அண்ணா நகரில் மணவாளன் என்று ஒரு எக்ஸ்போர்ட் முதலாளி, இதே வண்டிக்குத் தவம் கிடப்பதாகச் சொன்னான். அவர் கொடுக்கிற பணத்தில் மேட்டில் இடமும் வாங்கலாம், கூரையும் போடலாம்.

காகிதம் இல்லாத வண்டியை எப்படி விற்பது? அதற்கும் தங்கவேலிடம் வழி இருந்தது. வெட்டிக் காயலானுக்குப் போன இன்னொரு பியூக்கின் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்தான். எங்கள் தொழிலில் இது நடக்காத விஷயமில்லை. ஒரு வண்டியின் காகிதம் இன்னொரு வண்டியின் உடம்பில் ஏறும். கஜபதி சேசிஸ் நம்பரைத் தேய்த்துவிட்டுப் புது நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் பஞ்ச் வைத்து அடித்தான். நான் பிளேட் எழுதினேன், எம்.எஸ்.சி. 2963. தப்பா என்று கேட்டால் தப்புதான். ஆனால் அந்த வண்டி உலகநாதனுடையது என்பதும் சத்தியம். அதை நிரூபிக்க ஏழைக்கு வேறு வழி எதுவும் கிடையாது.

“ஒண்ணே ஒண்ணுதான்,” என்றான் தங்கவேல், எல்லோரையும் கொல்லையில் உட்கார வைத்து. “இது சினிமாக் கம்பெனி வண்டின்னு ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது. அந்த மொதலாளி வாரிசு எங்கியாவது உயிரோட கீறான்னா, பழைய நம்பர வெச்சி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பேரப் புட்ச்சிடுவாங்க. அப்பால வண்டியும் போவும், நாம உள்ளயும் போவோம்.”

சரி என்று தலையாட்டினோம். கஜபதியும்தான் ஆட்டினான்.

ஆறு வாரம் வேலை நடந்தது. ராத்திரி பகல் என்று பார்க்காமல் கஜபதி தட்டினான். தங்கச்சிக்காகச் செய்கிறான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மொண்ணைப் பல்லுக்குப் பித்தளையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி முலாம் பூசிவிடலாம் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “அது தாண்டா இதோட மூஞ்சி. அத்த மாத்துனா அப்பால இது எந்த வண்டியோ,” என்றான். நானும் விட்டுவிட்டேன்.

மணவாளன் வந்து பார்த்தார். வெள்ளை பேன்ட், மெல்லிய பேச்சு. பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்தார். பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நாளில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பத்மா அன்றைக்கே மேட்டில் இடத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டாள். அப்போதுதான் தங்கவேல், புரோக்கர் வாய் சும்மா இருக்குமா, வண்டிக்கு வேலை செய்த டிங்கர் லேசுப்பட்டவன் இல்லை, பழைய படத்தில் மூலையில் ஒரு கார் வந்தாலும் பேரைச் சொல்லிவிடுவான் என்று உதார் விட்டான். மணவாளன் கஜபதியை நிமிர்ந்து பார்த்தார்.

“நிஜமாவா? ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வாங்களேன். பழைய படக் கேசட் நூறு வச்சிருக்கேன்.”

கஜபதி என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். வண்டிக்கு என்ன வண்ணம் என்று நான் பேச வேண்டியதும் இருந்தது. கஜபதி அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் ஒரு நம்பர்கூடப் படிக்கவில்லை. அவ்வளவு பதற்றம்.

நாங்கள் தரையில் உட்காரப் போனோம். அவர் கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தார். காபி வந்தது. டெக்கில் கேசட்டைப் போட்டார். மடியில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம், உலகத்துக் கார் எல்லாம் படத்தோடு இருந்தது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். ஓடிக்கொண்டிருந்த படம் அப்படியே நின்றது.

கஜபதி எழுந்தே நின்றுவிட்டான். முப்பது வருஷமாக அவன் கண்ணெதிரே ஓடி ஓடி மறைந்துபோன கார்கள். மரத்துக்குப் பின்னாலும் கதாநாயகி தோளுக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்ட கார்கள். ஒன்று அவனுக்காக நின்றது, முதல் தடவையாக.

“ஸ்டுடிபேக்கர் சாம்பியன். அம்பது மாடலு,” என்றான். மணவாளன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்தது. “வாக்ஸால் வெலாக்ஸ்.” சரி. அடுத்தது பாதி பம்பர் மட்டும் தெரிந்தது. “ஸ்டாண்டர்டு வேன்கார்டு சார், பழைய முட்ட மாடலு.” சரி. இருபதுக்கு இருபது. மணவாளன் கைதட்டினார். உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டு, “இவர்தான் கஜபதி சார்” என்று காட்டினார். அந்த அம்மாள் கும்பிட்டாள்.

அவனை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவன் காது மடல் வரைக்கும் சிவந்துபோயிருந்தது.

“சார், உங்களாண்ட ஒரு படம் கீதா?” என்று ஆரம்பித்தான். “ஒரு துப்பறியும் படம். அண்ணன் செத்துட்டான்னு தம்பி நெனச்சிப்பான். அண்ணன் பங்களாவுல மறைஞ்சிகினு இருப்பான்...”

அவன் தொடையைக் கிள்ளினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணவாளனிடம் அந்தக் கேசட் இருந்தது. இல்லாமல் இருந்திருக்கக்கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். முக்கால் மணி நேரம் ஓட்டி ஓட்டி அந்தக் காட்சிக்கு வந்தார்கள். பங்களா வாசல், மழை, பின்னால் ஒரு கார் வந்து திரும்புகிறது. “நிறுத்துங்க சார்!” என்று கஜபதி கத்தினான். நின்றது. கோடு கோடாக ஆடிக்கொண்டு ஒரு பியூக்கின் முகம் திரை முழுக்க நின்றது. இடது பக்கத்திலிருந்து மூன்றாவது பல் மொண்ணை.

“பாத்தீங்களா சார்? மூணாவது பல்லு. நீங்க வாங்கிக்கீற வண்டி இது தான். கோழிக்கூடுன்னு சொன்னாங்க சார், என்னிய பாத்து சிரிச்சாங்க...”

மணவாளன் மூச்சு விடாமல் முன்னால் குனிந்தார். கஜபதி டிவிக்குப் பக்கத்தில் போய் மண்டி போட்டான். பல்லுக்குக் கீழே நம்பர் பிளேட். விரலை வைத்தான். “எம்.எஸ்.சி. நாலு. ஒண்ணு.” கொஞ்சம் நின்றான். மணவாளன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு. ஏழு.”

நான் எழுதின பிளேட் 2963. மணவாளன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. “பிரமாதம் கஜபதி சார்” என்றார். போகும்போது அந்தத் தடித்த புத்தகத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

“இன்னாடா காரியம் பண்ணிட்ட?” என்று பஸ்ஸில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

“இன்னா பண்ணேன்? படத்துல வந்த வண்டின்னா அந்தாளு இன்னும் மேல போட்டுத் தருவாரு மாமே. பத்மாவுக்கு நல்லது தான?” என்றான். புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் மணவாளன் வந்தார். கூடவே ஒரு வக்கீல், நாலு ஆள், சங்கிலி வைத்த லாரி. 4127-ஐ வைத்து அந்தக் கம்பெனி முதலாளியின் பேரனை மாம்பலத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். தாத்தாவுக்கு அப்படி ஒரு கார் இருந்ததே அந்தப் பையனுக்குத் தெரியாது. ஏதோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். வக்கீல் சத்தம் போடாமல் பேசினார். அடுத்தவன் வண்டியைப் பதுக்கியது ஒன்று, போலி ஆர்.சி. இன்னொன்று, சேசிஸ் நம்பரை மாற்றியது மூன்றாவது. ஸ்டேஷனுக்குப் போகலாமா, வண்டியை விடுகிறாயா என்றார். கோவிந்தராஜ் சாவியைக் கொடுத்தான். “கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலை, போகட்டும்” என்று மணவாளன் பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆறு வார உழைப்பும் உலகநாதனின் இருபது வருஷ வேலையும் சங்கிலியில் தொங்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போயிற்று. மேட்டு நிலத்துக்குக் கட்டின முன்பணமும் கெடு தாண்டி அதோடு போயிற்று.

அவருக்கு நம்பர் எப்படித் தெரிந்தது என்று கோவிந்தராஜ் என்னைத்தான் கேட்டான். கஜபதி என் முகத்தைப் பார்த்தான். நான் பொய் சொன்னேன். அந்தாளே படத்தை நிறுத்தி, நம்பரைப் படி படி என்று கேட்டான், படிக்காமல் இருந்தால் சந்தேகம் வந்திருக்கும் என்று சொன்னேன். கோவிந்தராஜ் நம்பினான். அவன் எதையும் நம்புகிறவன். “நீ இன்னா மச்சான் பண்ணுவ, உன் நேரம்” என்று கஜபதியையே தேற்றினான். பத்மா எழுந்து உள்ளே போனாள். ஊர் மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் பியூக் போட்டோ வந்தது. பக்கத்தில் மணவாளன் நின்றார். உடைந்த ஒரு பல்லை வைத்துத் தானே அந்தப் பழைய படத்து வண்டியை அடையாளம் கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தார். கஜபதி பேர் ஒரு ஓரத்தில்கூட இல்லை. டீக்கடையில் வைத்து நான்தான் படித்துக் காட்டினேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் போட்டோவைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “முன் டயரு சைஸ் தப்பா போட்டுகீறான்” என்றான். அன்றைக்கு எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

அதற்கும் இரண்டு வருஷம் தாண்டி, ஒரு கார்த்திகை மாசம். மூன்று நாள் விடாத மழை. ஏரி நிரம்பி அயனம்பாக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் என்று சேதி வந்தது. நானும் கஜபதியும் போனோம். கோவிந்தராஜ் பிள்ளைகளை மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்க விட்டுவரப் போயிருந்தான். பத்மா கட்டிலின் மேல் நின்று பாத்திரங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டை நனைந்துவிட்டது. கஜபதிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“எல்லாம் அந்தப் பாவியால வந்தது,” என்று கத்தினான். “அவன் மட்டும் அன்னிக்கு நம்பர படி படின்னு உசுர வாங்கலன்னா, நீ இன்னேரம் மேட்டுல இருந்திருப்ப.”

பத்மா கையிலிருந்த குண்டானைக் கட்டிலில் வைத்தாள். அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“லட்சுமணண்ணா, நீ சொல்லு. அந்தாளு கேட்டாரா?”

நான் தண்ணீரைப் பார்த்தேன். நாலு வருஷம் ஓடின பொய் அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை.

“கேக்கல,” என்றான் கஜபதி. “அவரு ஒண்ணுமே கேக்கல. படத்தக்கூட நான் தான் போடச் சொன்னேன். நாலு, ஒண்ணு படிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிபோச்சி பத்மா. நிறுத்தியிருக்கலாம். அந்தாளு என் வாயையே பாத்துகினு இருந்தாரு. என்னிய அந்த மாரி யாரும் பாத்ததே இல்ல. மீதி ரெண்டையும் படிச்சிட்டேன்.”

பத்மாவுக்கு இது புதுசு இல்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

“எங்க பெரியவளுக்கு அப்ப எட்டு வயசுண்ணா,” என்றாள். “காரப் பத்தி எங்கியும் சொல்லக் கூடாதும்மா, சொன்னா நமக்கு ஊடு வராதுன்னு சொன்னேன். இஸ்கூல்ல சொல்லல. கூட்டாளிங்களாண்ட சொல்லல. வண்டி போனப்பறம் அதுக்கு ஒரு வாரம் ஜொரம். யம்மா, நான் தூக்கத்துல ஏதாச்சும் சொல்லிட்டனான்னு என்னிய கேட்டுது. இப்ப வரிக்கும் கேக்குதுண்ணா.”

பரணில் இருந்த அண்டாவை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு, நனைந்த மூட்டையை எடுத்துத் தரச் சொல்லி அவனிடம் கையை நீட்டினாள். கஜபதி தண்ணீருக்குள் அப்படியே நின்றான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.